சோப்பு படக்கூடாத இரண்டு பொருள்கள்

அத்தியாயம் 7

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு டன்லோ தீயணைப்புக் கொட்டகையில் விசாரணைக் குழு கூடும். அதன் முடிவில் ட்வைலா ராஸ்முசெனின் சான்றிதழ் அவரிடம் இருக்கும், அல்லது இருக்காது. இதைச் சொல்லிவிட்டு ட்வைலா இரும்புச் சட்டியில் ஒட்டிக்கொண்ட முட்டையைக் கரண்டியால் சுரண்டினார்.

"சனியனே, வா," என்றார் முட்டையிடம்.

லைல் பெக் காலித் தட்டோடு காத்திருந்தான். ஒரு காலத்தில் திமிறும் குதிரைகள் மேல் உட்கார்ந்து பரிசு வாங்கியவன். ஒரு குதிரை அவன் வலது முழங்காலை வாங்கிக்கொண்ட பிறகு ஆர்டித் ஸ்வோபோடாவிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஆர்டித் இருபத்தாறு வருடம் மாட்டுச் சந்தைகளில் சூட்டுக்குறி பார்த்து, திருட்டு மாடுகளைப் பிடித்து ஓய்வு பெற்றவர். ஷெரீஃப் சிரித்துவிட்டு அனுப்பும் வழக்குகளெல்லாம் இப்போது அவரிடம் வந்தன.

"முட்டை வருமா, இல்ல அதுக்கும் வாரண்ட் வாங்கணுமா?" என்றான் லைல்.

"முப்பது வருஷமா பழக்கின சட்டி," என்றார் ட்வைலா. "தொட்டா வழுக்கும். இப்ப என்னடான்னா..." மூலையில் உட்கார்ந்திருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தார். முடிக்கவில்லை.

வெண்டல் ராஸ்முசென் நிமிரவில்லை. இலவங்கப்பட்டை ரோல் ஒன்றைச் சுருள் சுருளாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இன்னும் ஐந்து இருந்தன.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றார் ஆர்டித்.

"என்னத்தச் சொல்ல. அக்டோபர்ல கன்னுங்களைத் தாய்கிட்டேர்ந்து பிரிச்சோம். தடுப்பூசி போட்டோம். ஆறு வாரம் இங்கயே வெச்சிருந்து லாரி ஏத்தினோம். கர்டிஸ் டால் வாங்கினான். அவன் பட்டிக்குப் போனதும் என் காளைக் கன்னுங்க அறுபதும் இருமுது. மூணு செத்துப்போச்சு."

"கர்டிஸ் என்ன சொல்றான்?"

"மருந்தை வெயில்ல வெச்சுக் கெடுத்துட்டேனாம். உயிருள்ள மருந்து அது, ஆர்டித். குளிர்ப்பெட்டியை விட்டு எடுத்து வெளிய வெச்சா செத்துடும். இந்த மாவட்டத்துல அதைப் பன்னெண்டு வருஷமா எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கறவ நான். எனக்கு வந்து அவன் சொல்றான்."

"மரியாதையாத்தான் சொன்னான்," என்றார் வெண்டல். "மேடம் மேடம்னுதான்..."

"மரியாதையா அறுத்தா கழுத்து வலிக்காதா?"

வெண்டல் அடுத்த ரோலை எடுத்தார்.

ட்வைலாவுக்கு என்ன போகும் என்று லைலுக்குத் தெரியும். மாட்டுக்கு எங்கே ஊசி போடலாம், எங்கே போடக்கூடாது, மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து விற்கலாம், மாட்டிடம் கத்தாமல் எப்படி வேலை வாங்கலாம் என்று வகுப்பெடுத்துச் சான்றிதழ் கொடுப்பவர் அவர். அந்தக் காகிதம் இல்லாதவன் வாசலில் பெரிய வியாபாரி எவனும் வண்டியை நிறுத்தமாட்டான். சொல்லிக்கொடுப்பவளே சொன்னபடி நடக்கவில்லை என்று நாளைக்கு எழுதிவிட்டால், ட்வைலா இனி எந்தக் கொட்டகையிலும் வாய் திறக்க முடியாது.

"லாரியில கிடேரியும் போச்சில்ல?" என்றார் ஆர்டித்.

"பதினொண்ணு போச்சு. அதுங்களுக்கு ஒண்ணும் இல்ல. அதே பட்டி, அதே தொட்டி. அதிர்ஷ்டம்னு சொல்லுது குழு."

"சந்தையில நின்னே கிழவியாயிட்டேன். அதிர்ஷ்டக்கார மாடுன்னு ஒண்ணை நான் பார்த்ததில்ல. அதே மருந்துதானா?"

"அதே பெட்டி. காலையில காளைக் கன்னு. மத்தியானத்துக்கு மேல கிடேரி. கிடேரிக்கு எமில் போட்டான்."

"எமிலா?" லைல் நிமிர்ந்தான். "உங்க பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயிலான எமிலா? அவரு உங்களைப் பார்த்தாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போவாரே!"

"அக்கம்பக்கம்னா மாட்டு வேலைக்கு வந்துதான் ஆகணும். பேசணும்னு கட்டாயம் இல்ல."

ஆர்டித் காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "வெயில் மத்தியானம்தான் ஜாஸ்தி. மருந்து கெட்டிருந்தா கிடேரிங்கதான் முதல்ல இருமணும். அப்ப மருந்து சரி. ஊசியிலதான் ஏதோ. உன் சிரிஞ்சை யாரு சுத்தம் பண்ணது, ட்வைலா?"

கரண்டி நின்றது.

ட்வைலாவின் கண் வெண்டலிடம் போயிற்று. உடனே திரும்பியது. யாரோ அவர் காதில் கெட்ட செய்தி சொன்னதுபோல முகத்தில் ஒன்று மாறியது.

"நான்தான்," என்றார். "வேற யாரு? சுடுதண்ணி மட்டும். சோப்பு கூடாது, கிருமிநாசினி கூடாது. சிரிஞ்சுக்குள்ள கொஞ்சம் சோப்பு தங்கினாலும் உயிருள்ள மருந்து செத்துடும். என் பாடத்துல எட்டாவது படமே அதுதான்."

"நீயேதான் பண்ணியா?"

"சொல்றேன்ல."

லைல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டலின் இடுப்பு வாரில், நுனிப் பக்கம், ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

"ரோல் தினமும் உண்டா?" என்று கேட்டான்.

"ரெண்டு மாசமா," என்றார் ட்வைலா.

"என்ன விசேஷம்?"

ட்வைலாவின் முகம் கொஞ்சம் இளகியது. "சும்மாதான்."

*

இந்த ஊர்ப் பக்கம் பிக்கப்பில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன்தான் இறங்கிக் கேட்டைத் திறக்கவேண்டும். ராஸ்முசென் நிலத்திலிருந்து எமில் வீட்டுக்குப் போக நாலு கேட். எல்லாம் கம்பிக் கேட். தோளால் தூணை அணைத்து இழுத்தால்தான் வளையம் கழலும்.

"முழங்கால் போனவனை ஏன் வேலைக்கு வெச்சீங்கன்னு ஊரே கேக்குது," என்றான் லைல், மூன்றாவது கேட்டை மூடி ஏறும்போது. "கேட்டுக்குத்தான்னு இப்பத்தான் புரியுது."

"புரிய ஏழு வருஷம் ஆச்சா?"

"எமில்தான், இன்ஸ்பெக்டரம்மா. காலையில மருந்தை மாத்திட்டு, மத்தியானம் தான் போடும்போது நல்ல மருந்தை எடுத்திருக்காரு. ரெண்டு தடவை ஃபெயிலானவன் மனசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் கணக்குல நாலு."

"கேட்டு வருது," என்றார் ஆர்டித்.

எமில் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சமையலறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. விருந்தாளிகளுக்கு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டார். அடுப்பிலிருந்த கருத்த சட்டியில் முட்டையை உடைத்தார். சட்டியைச் சாய்த்ததும் முட்டை வழுக்கிக்கொண்டு நேராக லைலின் தட்டில் வந்து உட்கார்ந்தது.

"அட!" என்றான் லைல்.

"இந்தச் சட்டி சோப்பைப் பார்த்ததே கிடையாது," என்றார் எமில். "நானும் ரொம்பப் பார்த்ததில்ல."

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஆணியில் ஒரு சிரிஞ்சு தொங்கியது. துப்பாக்கிப் பிடி, பித்தளைக் கழுத்து. கழுத்தில் பச்சை பூத்திருந்தது.

"இதுலதான் கிடேரிக்குப் போட்டீங்களா?" என்றார் ஆர்டித்.

"ட்வைலா அனுப்பினாளா உங்களை? என் சிரிஞ்சு அழுக்குன்னு சொல்லியிருப்பாளே."

"கிடேரி அத்தனையும் நல்லாருக்கு, எமில்."

சண்டைக்குத் தயாராக இருந்த மனிதருக்கு இது எதிர்பாராத அடி.

"அவளோடதுதான் முதல்ல," என்றார் பிறகு. "சாப்பாட்டுக்கு முன்னாடி வந்த கடைசிக் காளைக் கன்னு உதைச்சுது. சிரிஞ்சு கீழ விழுந்துச்சு. அதை நிறுத்தியிருந்த கூண்டைத் திறந்ததும் சிரிஞ்சு மேலயே மிதிச்சுட்டுப் போச்சு. சரி, இந்தான்னு என்னோடதைக் குடுத்தேன். மூஞ்சியைச் சுளிச்சா. நானே போடறேன்னு போட்டேன். அவளோடது என்னமோ கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி மினுக்கிட்டிருந்துச்சு."

"மினுக்கிச்சா?"

"பித்தளையில என் மூஞ்சி தெரிஞ்சுது. பார்க்கப் பிடிக்கல."

"சுடுதண்ணியில அலசினா பித்தளை அப்படி மினுக்குமா?"

"மினுக்காது. நானும் சுடுதண்ணிதான். உலகமே கழுவு கழுவுங்குது. இவ ஒருத்திதான் சோப்பு போடாதேன்னு சொன்னா. அவ வகுப்புல எனக்குப் பிடிச்ச ஒரே பாடம் அது."

லைல் முட்டையை விழுங்கினான். "இருங்க. அழுக்கு சிரிஞ்சுல போட்டது நல்லாருக்கு. கல்யாணத்துக்குப் போன சிரிஞ்சுல போட்டது சாகுது. எங்கம்மா இதைக் கேட்டிருந்தா என் சின்ன வயசே வேற மாதிரி போயிருக்கும்."

"முந்தின நாள் சாயங்காலம் நீங்க அங்க இருந்தீங்களா?" என்றார் ஆர்டித்.

"சாப்பாட்டுக்குப் போனேன். ரோஸ்ட்டும் சட்டியில மக்காச்சோள ரொட்டியும். சிரிஞ்சைச் சுடுதண்ணிக் கிண்ணத்துல போட்டுத் தொட்டியில வெச்சுட்டு, ட்வைலா ஊருக்குள்ள வகுப்பெடுக்கப் போயிட்டா. நான், வெண்டல், அந்த மாடு வாங்கற பையன் கர்டிஸ். கன்னுங்களைப் பார்க்க வந்தவனைச் சாப்பிட்டுட்டுப் போன்னு உட்கார வெச்சாங்க. உட்கார்ந்ததும் என்ன கேட்டான் தெரியுமா? 'உங்ககிட்ட மொத்தம் எத்தனை மாடு இருக்கு, சார்?'"

"ஐயோ," என்றான் லைல்.

"பேங்க்ல எவ்வளவு பணம் இருக்குன்னு கேக்கற மாதிரி அது. அதுக்கு என் பேன்ட்டைக் கழட்டச் சொல்லியிருக்கலாம். வெண்டல் உருளைக்கிழங்கைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். நகரத்துல வளர்ந்தவன், பாவம், தெரியல. நல்ல பையன்தான்."

"சாப்பிட்டு முடிச்சதும்?"

"வெண்டல் டிவி முன்னாடி சாய்ஞ்சான். அங்கேயே குறட்டை. நான் கோட்டை மாட்டினேன். பையனும் எழுந்துட்டான். சரி, பின்னாடியே வர்றான்னு கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். முதல்ல போறவன் பின்னாடி வர்றவனுக்காக நிக்கணுமில்ல? ஒரு சிகரெட் முடிஞ்சுது. வரல. குளிர் வேற. மூடிட்டுப் போயிட்டேன்."

ஆர்டித் மெல்லுவதை நிறுத்தினார்.

"வரவே இல்லையா?"

"வரவே இல்ல."

*

ராஸ்முசென் வீட்டுக்குத் திரும்பியபோது ட்வைலா மாடுகளுக்கு வைக்கோல் போட மேட்டுக்குப் போயிருந்தார். சமையலறையில் வெண்டல் தனியாக இருந்தார். ரோலில் ஒன்றுதான் மிச்சம்.

"வெண்டல், ஒரு சின்ன விஷயம்," என்றார் ஆர்டித். "அக்டோபர்ல, கர்டிஸ் சாப்பிட வந்த ராத்திரி. பாத்திரமெல்லாம் யாரு கழுவினது?"

வெண்டல் நெஞ்சை நிமிர்த்தினார். ரொம்ப நாள் ஒத்திகை பார்த்த நிமிர்வு.

"நான்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். துடைச்சு அடுக்கி வெச்சேன். ட்வைலாவைக் கேளுங்க."

"நல்லது. என் கோப்பையைக் கழுவிடறேன். சோப்பு எங்க?"

"சோப்பா? இங்கதான்." வெண்டல் ஒரு கதவைத் திறந்தார். தட்டுகள். அடுத்ததைத் திறந்தார். நாய் பிஸ்கெட். மூன்றாவதில் அவரே பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த சுத்தியல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லைல் ஜன்னலை நோக்கித் தலையை ஆட்டினான். தொட்டிக்கு நேர் மேலே, கண்ணுக்கு எதிரே, ஒரு மஞ்சள் பாட்டில்.

வெண்டல் அதைப் பார்த்தார். "அது சமையல் எண்ணெய் இல்லையா?"

"ராஸ்முசென் குடும்பத்துச் சாலட்டை நான் இனிமே தொடமாட்டேன்," என்றான் லைல்.

வெண்டல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார்.

"காலையில எழுந்து வந்தேன்," என்றார். "சமையலறை பளிச்சுன்னு இருந்துச்சு. அவதான் வகுப்புலேர்ந்து வந்து கழுவியிருக்கான்னு நினைச்சேன். அவ வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. முப்பத்தோரு வருஷத்துல காலங்காத்தால அப்படிப் பிடிச்சதே இல்ல. ஏன்னு கேட்டிருக்கணும். கேக்கல. அப்புறம் பாத்திரம் கழுவினதுக்குன்னு ரோல் வந்துச்சு. சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"சூடா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. லைல்கூட.

"வெண்டல்," என்றார் ஆர்டித். "அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவினவங்க தொட்டியில கிடந்த சிரிஞ்சையும் சேர்த்துக் கழுவியிருக்காங்க. சோப்பு போட்டு. கன்னுங்க செத்தது அதனாலதான். அதைக் கழுவினது நீங்கன்னு ட்வைலா நினைக்கறா. காலையில நான் கேட்டப்பதான் அவளுக்கே உறைச்சுது. உங்களைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு தானே கழுவினேன்னு சொல்லிட்டா. நாளைக்குக் குழுகிட்டயும் அதையேதான் சொல்லப்போறா."

வெண்டல் கையிலிருந்த பாதி ரோலைத் தட்டில் வைத்தார். தட்டை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார்.

ஆர்டித் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"அது எதுக்கு?" என்றான் லைல், வண்டியில்.

"இந்தச் சமையலறையில சோப்பு படக்கூடாத பொருள் ரெண்டுதான். ஒண்ணு சிரிஞ்சு. அதை மாடு மிதிச்சுடுச்சு. இன்னொண்ணு இது. ஒரே ராத்திரி, ஒரே தொட்டி, ரெண்டும் போச்சு. எமில் கழுவியிருந்தா சட்டியில சோப்பு பட்டிருக்காது. வெண்டலுக்குச் சோப்பு எங்கன்னே தெரியாது."

"அப்ப மிச்சம் ஒரே ஆள்! நாளைக்கு எழுந்து நின்னு பேரைச் சொல்லிக் கிழிச்சிடுங்க."

"மாட்டேன்."

"மாட்டீங்களா?"

"சாப்பிட்ட வீட்டுல யாரும் கேக்காமலே பாத்திரம் கழுவி வெச்சுட்டுப் போயிருக்கான். அதைக் குத்தம்னு எந்த வாயால சொல்றது? நான் சொன்னாலும் ட்வைலா அடக்கிடுவா. வீட்டுக்கு வந்தவனைச் சபையில கூசவைக்க அவளால முடியாது. சாட்சியும் இல்ல. ஒரு சிகரெட்டும் ஒரு சட்டியும்தான் இருக்கு. அவனே சொல்லணும்."

"சொல்லலன்னா?"

ஆர்டித் வண்டியைக் கிளப்பினார். "ட்வைலா கதை முடிஞ்சுது. கேட்டு வருது, இறங்கு."

*

கொட்டகையில் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காப்பிப் பாத்திரம் ஒரு மூலையில் கொதித்தது. குழுவின் தலைவி ஒல்லியான கால்நடை மருத்துவர். ட்வைலா முன்வரிசையில் கோயிலுக்குப் போகும் உடுப்பில் உட்கார்ந்திருந்தார். வெண்டல் பக்கத்தில் இருந்தார். சவரம் செய்த கன்னத்தில் இரண்டு வெட்டு.

கர்டிஸ் டாலைப் பார்த்ததும் லைலுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெறுக்க ஒன்றும் இல்லை. முப்பதைத் தாண்டிய, சட்டைக் கை மடித்த, அமைதியான ஆள். பக்கத்தில் அவன் முதலாளி, பட்டிக்குச் சொந்தக்காரர். கூட்டம் தொடங்குமுன் கர்டிஸ் எழுந்தான். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து காலியான காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கினான். மூலைத் தொட்டிக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்து, சோப்பைப் பிழிந்து, ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாமல் கை செய்தது.

லைல் முழங்கையால் ஆர்டித்தை இடித்தான்.

"பார்த்தேன்," என்றார் ஆர்டித் உதடு அசையாமல்.

கர்டிஸ் தன் பக்கத்தைச் சொன்னான். குரல் உயரவில்லை. "ட்வைலா மேடம் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லைங்க. அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன். ஆனா கன்னுங்களுக்குப் போட்ட மருந்து வேலை செய்யல. அதுக்கு யாராவது பொறுப்பேத்துக்கணும்."

ஆர்டித் எழுந்து போய்த் துண்டைப் பிரித்து இரும்புச் சட்டியைக் குழுவின் மேசையில் வைத்தார். டங் என்றது.

"இது என்ன?" என்றார் தலைவி.

"சாட்சி. முப்பது வருஷம் பழக்கின சட்டி. தடவிப் பாருங்க."

தலைவி விரலால் தடவினார். விரலில் துரு. பண்ணை வீட்டில் பிறந்தவர்தான். முகம் சுருங்கியது. "யாரு இதுக்குச் சோப்பு போட்டது?"

"அதேதான் நானும் கேக்கறேன். அதே ராத்திரி, அதே தொட்டியில, மறுநாள் ஊசி போடவேண்டிய சிரிஞ்சும் கிடந்துச்சு. மருந்து கெடல. அதே மருந்தை எமிலோட சிரிஞ்சுல வாங்கின கிடேரிங்க நல்லாருக்கு. சோப்பு போட்டுக் கழுவின சிரிஞ்சுல வாங்கின காளைக் கன்னுங்க படுத்துடுச்சு."

பின்வரிசையிலிருந்து எமிலின் குரல் வந்தது. "என் சிரிஞ்சை அழுக்குன்னவங்க எழுதிக்கோங்க!"

"உட்காருங்க, எமில்," என்றார் தலைவி. பிறகு ட்வைலாவிடம் திரும்பினார். "சிரிஞ்சை யாரு கழுவினது?"

"நான்," என்றார் ட்வைலா.

"சோப்பு போட்டா? நீங்களா?"

"நான்தான்னு எழுதிக்கோங்க."

வெண்டல் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவ கழுவல. அவ வகுப்புல இருந்தா. இங்க பாதிப் பேரு அந்த வகுப்புலதான் இருந்தீங்க." திரும்பினார். ட்வைலாவைப் பார்த்துத்தான் சொன்னார். "நானும் கழுவல, ட்வைலா. நான் தூங்கிட்டேன். அத்தனை ரோலும் நான் சும்மா தின்னது."

ட்வைலா நாற்காலியில் முழுசாக அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மாசமா?" என்றார் ட்வைலா.

"ரெண்டு மாசமா."

"தினமும் மாவு பிசைஞ்சேனே, மனுஷா!"

"தெரியும்."

"அப்ப யாரு..." ட்வைலாவின் கண் அறையைச் சுற்றியது. மூலைத் தொட்டிக்குப் போயிற்று. அங்கே கோப்பைகள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில், தண்ணீர் வடிய நின்றன. அந்த அக்டோபர்க் காலையில் தன் சமையலறையிலும் பாத்திரங்கள் அப்படித்தான் நின்றன. ட்வைலாவுக்குப் புரிந்துவிட்டது என்று லைலுக்குப் புரிந்தது.

ட்வைலா வாயைத் திறந்தார். கர்டிஸைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"யாரா இருந்தா என்ன," என்றார் கடைசியில். "என் வீடு. என் தொட்டி. விடுங்க."

"விட்டா பொறுப்பு உங்க மேல வரும், மேடம்," என்றார் தலைவி. "சான்றிதழை ரத்துதான் பண்ணணும்."

"பண்ணிக்கோங்க."

தலைவி பேனாவின் மூடியைக் கழற்றினார். லைல் ஆர்டித்தைப் பார்த்தான். எழுந்திரிங்க, சொல்லுங்க என்று கண்ணால் கெஞ்சினான். ஆர்டித் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, ஏதோ ஒரு சந்தையில் ஏதோ ஒரு மாட்டுக்காகக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

கர்டிஸ் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்தது. பிறகு கழுத்து. முதலாளி அவன் முழங்கையைத் தொட்டு, பேசாதே என்பதுபோல் அழுத்தினார். கர்டிஸ் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். ட்வைலா கொடுக்கும் அதே சான்றிதழ். அவன் இணையத்தில் எடுத்தது.

"இதை வண்டி ஓட்டிக்கிட்டே எடுத்தேன்," என்றான். "பாடம் போன்ல ஓடிட்டே இருந்துச்சு. நான் பார்க்கல. எட்டாவது படம் என்னன்னு இப்பத்தான் தெரியுது."

அட்டையைச் சட்டியின் பக்கத்தில் வைத்தான். முதலாளியைப் பார்க்கவில்லை. ட்வைலாவைப் பார்த்தான்.

"ரோஸ்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு, மேடம். வெண்டல் சார் தூங்கிட்டாரு. அப்படியே போட்டுட்டுப் போக மனசு வரல." "நான்தான் கழுவினேன். ரெண்டையும். சோப்பு போட்டு."